அறுபத்தொன்றாம் நம்பர் கார்டு

2003 ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டாக்டர் வீணா என் வீட்டுக்குப் போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுநோய் வார்டைப் பார்ப்பவர் அவர். உங்கள் அறுபத்தொன்றாம் நம்பர் தனலக்ஷ்மி நேற்றிலிருந்து எங்களிடம் படுத்திருக்கிறாள் என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. விழக்கூட இல்லை, காலைக் கீழே ஊன்றினாள், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்க ஓட்டை. பழைய ஆபரேஷன் தழும்பின்மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, அக்குளில் இன்னொன்று. ஏழெட்டு மாதமாவது ஆகியிருக்கும். மார்ச் மாதம் நீங்கள் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று டிக் போட்டிருக்கிறீர்கள், டிசம்பரிலும் போட்டிருக்கிறீர்கள், கையால் தொட்டுத்தான் பார்த்தீர்களா சிஸ்டர் நோரா என்று கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாக்டராவது மண்ணாவது என்று பதில் கொடுத்தேன். தனலக்ஷ்மியை ஏப்ரல் கடைசி வரை வாராவாரம் பார்த்திருக்கிறேன், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள், போன வருஷத்தைவிட மூன்று கிலோ கூடியிருக்கிறாள், நீங்கள் வேறு யாருடைய கேஸையோ என் கார்டோடு சேர்த்து வைத்துவிட்டீர்கள் என்றேன். டாக்டர் வீணா கார்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, எனக்கும் ஒன்று புரியவில்லை, கார்டில் சர்க்கரை வியாதி என்று இருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரையே இல்லை என்றார். பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே என்று போனை வைத்தேன். தப்பு அவர்கள் பக்கம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதை நேரில் போய் நிரூபித்துவிட்டுத்தான் மறுவேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான் யார், என் கார்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் வார்டு சிஸ்டராக இருந்துவிட்டு, ஈஜிபுராவில் ஒரு டிரஸ்ட் நடத்தும் கிளினிக்குக்கு வந்தவள். கிளினிக் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மற்ற நாட்களில் தையல் வகுப்பு நடக்கும் ஒரு கூடம். புதன்கிழமை மட்டும் மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் உட்காருவோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு, ஊசி எல்லாம் முடிந்து, பிழைத்துவிட்டாய் போ என்று அனுப்பப்பட்டவர்கள்தான் என்னிடம் வருவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு யாரும் இல்லை. சளி பிடித்தால் அதுதான் திரும்ப வந்துவிட்டதோ என்று நடுங்குவார்கள், பக்கத்து டாக்டரிடம் போனால் கேன்சர் கேஸா, நாங்கள் தொடமாட்டோம் என்று திருப்பி அனுப்புவார். நான் அவர்களுக்கு எடை பார்ப்பேன், பிபி பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், ஐந்து வருஷம் தினமும் போட வேண்டிய மாத்திரையை மூன்று மாதத்துக்கு எண்ணிக் கொடுப்பேன், சந்தேகம் வந்தால் டாக்டர் வீணாவுக்கு எழுதி அனுப்புவேன். டிரஸ்ட் டாக்டர் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடுவார். மற்றபடி எல்லாம் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

கிளினிக்கில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டதும் நான்தான். ஆரம்பத்தில் வீட்டு ஆட்கள் வந்து கேட்டால் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் தன் மனைவி செத்து ஆறு மாதம் ஆன பிறகும் அவள் பெயரில் வாங்கிக்கொண்டு போய் மெடிக்கல் ஷாப்பில் விற்றிருக்கிறான். அது தெரிந்த அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஆள் வந்தால்தான் மாத்திரை, அண்ணன் தங்கை அம்மா அப்பா யார் வந்தாலும் கிடையாது என்று கூடத்து வாசலில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டினேன். வந்து கெஞ்சியவர்களை விரட்டினேன். எத்தனை பேரை விரட்டினேன் என்று கணக்கில்லை, அவர்கள் முகமும் நினைவில்லை.

தனலக்ஷ்மி அந்தச் சட்டம் வந்த பிறகு சேர்ந்தவள். 2000 மார்ச்சில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பட்டியலில், வயது முப்பத்தெட்டு, இடது மார்பு எடுக்கப்பட்டது, கார்மெண்ட் கம்பெனியில் வேலை என்று இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் ஒல்லியாக, முன்தலை நரைத்த ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நோய் வந்தவர்கள் வயதுக்கு மீறித்தான் தெரிவார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். தங்கவயல், மாரிக்குப்பம் என்றாள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைன் என்று கேட்டால், நான் பிறந்த லைனுக்கு அடுத்த லைன். அவள் அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கினவர், என் அப்பாவும் அப்படியே. அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றால் அந்தப் புதன்கிழமை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பாள். மற்றவர்கள் எல்லாம் சாக்குச் சொல்லும்போது, தனலக்ஷ்மியைப் பாருங்கள் என்று நானே உதாரணம் காட்டுவேன்.

இரண்டாவது தடவையே அவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருப்பதைக் கண்டுபிடித்தேன். மாத்திரை ஆரம்பித்தேன், சோற்றைக் குறைத்து ராகிக் களி முத்தை சாப்பிட வைத்தேன், திட்டித் திட்டி நூற்றைம்பதுக்குக் கொண்டு வந்தேன். மார்பு எடுத்த பக்கத்துக் கையில் பிபி பட்டை சுற்றக் கூடாது, அந்தக் கை வீங்கிவிடும். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் இது பாடம். தனலக்ஷ்மி எப்போதும் வலது கையைத்தான் நீட்டுவாள். ஒரே ஒரு தடவை மறந்துபோய் இடது கையை நீட்டினாள். எத்தனை வாட்டி சொல்றது, ஆபரேஷன் பண்ண பக்கம் உனக்கே ஞாபகம் இல்லையா என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தப்புதான் சிஸ்டர் என்றாள். நான் பட்டையை வலது கையில் சுற்றினேன். என் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை.

போன வருஷம் அக்டோபரில் அவள் காலில் ஒரு புண் வந்தது. செருப்புக் கடித்து வந்தது, சர்க்கரையால் உள்ளே புரையோடிவிட்டது. வாராவாரம் வரவைத்து, என் கையாலேயே சீழை எடுத்துக் கட்டுப் போட்டேன். வேறு எந்த இடமாக இருந்தாலும் விரலை வெட்டியிருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் புண் மூடியபோது எனக்கே கண் கலங்கியது. அதற்கு நடுவில் ஜனவரியில் டிரஸ்ட் ஆண்டு விழா. மேனேஜர் சீனிவாசராகவன் நன்றாகப் பேசும் ஒரு பேஷண்டை மேடை ஏற்றச் சொன்னார். கட்டுப்போட்ட காலோடு தனலக்ஷ்மியைத்தான் ஏற்றினேன். தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்ததையும், தண்ணீர் குடித்தால்கூட வாந்தி வந்ததையும், கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்ததையும் அவள் சொன்னபோது கூடத்தில் அழாதவர்கள் கிடையாது. சீனிவாசராகவனே மூக்கைச் சிந்தினார்.

சிவாஜிநகரில் பஸ் மாறும் வரை இதையெல்லாம்தான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன், டாக்டர் வீணா முகத்தில் அடிக்கிற மாதிரி சொல்வதற்காக. இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் அவர் கேட்ட கேள்வி திரும்ப வந்தது. கையால் தொட்டுத்தான் பார்த்தீர்களா.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கார்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு, மார்புப் பரிசோதனை என்று. முதல் வருஷம் எல்லாரையும் பச்சைத் துணித் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தேன். பிறகு தடுப்பின் ஒரு கால் உடைந்தது. ஒரு மணிக்குள் நாற்பது பேரைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் ஜாக்கெட்டைக் கழற்ற ஒவ்வொருத்தியும் பத்து நிமிஷம் தயங்குவாள், புருஷனுக்கே காட்டாத தழும்பு அது. அதனால் வீட்டிலேயே எப்படித் தடவிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பாத்தியாம்மா, கட்டி ஏதாவது இருக்கா என்று கேட்பேன். இல்ல சிஸ்டர் என்றால் டிக். தனலக்ஷ்மி முதல் நாளே, போன வாரம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்தார்கள் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு கேள்வியும் டிக்கும்தான். ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள், கட்டி இருந்தால் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் ஆளை மாற்றிவிட்டார்கள் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வார்டில் பதினாலாம் நம்பர் கட்டில் ஜன்னலோரம். தூரத்திலிருந்தே தெரிந்தது, கட்டிலில் படுத்திருப்பவள் யாரோ ஒருத்தி. வெளுத்த முகம், காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்திராத முகம். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டவலைப் பிழிந்துகொண்டிருந்தாள் என் தனலக்ஷ்மி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்றும் ஆகவில்லை, ஆள் முழுசாக இருக்கிறாள். கிட்டத்தட்ட ஓடினேன்.

"நீ இங்க இன்னாம்மா பண்றே? உன் பேரை யாருக்கோ போட்டு வெச்சிருக்காங்க பாரு" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். டவலிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. என்னைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தாள். படுத்திருந்தவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"நான்தான் சிஸ்டர் தனலக்ஷ்மி" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்கிறோம். எனக்கு அப்படிக்கூட இல்லை. காது அடைத்துவிட்டது. கட்டில் தலைமாட்டில் இருந்த கார்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். பதின்மூன்று வரி, பதின்மூன்று டிக். எடை, பிபி, சர்க்கரை எல்லாம் நின்றுகொண்டிருப்பவளுடையது. பெயரும் நோயும் படுத்திருப்பவளுடையது. ஒரே கார்டில் இரண்டு உடம்பை மூன்று வருஷமாக எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில் அம்மாள், உக்காருங்க சிஸ்டர் என்று தன் ஸ்டூலை நகர்த்தினாள். நான் உட்காராமல், நின்றுகொண்டிருந்தவளின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நீ யார் என்று கேட்டேன். மூன்று வருஷம் பழகியவளிடம் அப்படிக் கேட்டேன். சந்திரம்மா, அவளுக்கு அக்கா என்றாள். பிறகு மென்று விழுங்கிச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பிய புதிது. புதன்கிழமை லீவு கேட்டால் கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். கேன்சர் என்று தெரிந்தாலும் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து அங்கே சொல்லவே இல்லை. சந்திரம்மா கோரமங்கலாவில் வீட்டு வேலை செய்பவள், காலையில் ஒரு மணி நேரம் ஒழியும். தங்கைக்காக மாத்திரை கேட்டு என்னிடம் வந்திருக்கிறாள். நான் விரட்டியிருக்கிறேன்.

"ஆளு வந்தாத்தான்னு சொன்னீங்க சிஸ்டர். அடுத்த வாரம் பேரைக் கூப்புட்டாங்க, நான் போய் உக்காந்துட்டேன். நீங்க எந்த லைன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல" என்றாள்.

மாத்திரையில் ஒன்றைக்கூட விடாமல் தங்கைக்குக் கொடுத்திருக்கிறாள். அதில் பொய் இல்லை. கட்டி இருக்கிறதா என்று நான் கேட்டபோதெல்லாம், முந்தின நாளே தங்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்லியிருக்கிறாள். இல்லக்கா என்று தங்கை சொன்னதைத்தான் இல்ல சிஸ்டர் என்று என்னிடம் சொன்னாளாம். மேடையில் சொன்னதும் பொய் இல்லை. அந்த முடியைத் தலையணையிலிருந்து பொறுக்கியவள் அவள்தான், கண்ணாடியை மூடியவளும் அவள்தான்.

என் கோபத்துக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அது என்மேல் பாய வருவது தெரிந்தது, அதை அவள்மேல் திருப்பிவிட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"உன் தங்கச்சியை நீயே கொன்னுட்டே. ஒரே ஒரு புதன்கிழமை அவளை அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பா" என்றேன்.

அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள், ஈர டவலை மடியில் வைத்துக்கொண்டாள். ஆமாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். நான் அவளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

தனலக்ஷ்மி எனக்காகக் காத்திருந்தாள். அக்கா எங்கே என்று கேட்டாள். வெளியே இருக்கிறாள் என்றேன். கதவைப் பார்த்துவிட்டு, கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். குனிந்தேன். அந்தக் கார்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஆள் மாறி வந்தது தெரிந்துபோயிற்று, நானும் படுத்துவிட்டேன், இனிமேல் கார்டை மூடிவிடுவீர்களா என்றாள். சட்டப்படி மூடத்தான் வேண்டும். அவள் இனி ஆஸ்பத்திரிக் கேஸ்.

"மூடிடாதீங்க சிஸ்டர். அக்காவுக்கு சக்கரை மாத்திரை அதுலதான் வருது. அவளுக்குன்னு ஒரு கார்டும் கெடையாது."

அது இருக்கட்டும், உனக்குக் கட்டி எப்போது தெரிந்தது என்று கேட்டேன். நான் இதைக் கேட்டது நர்ஸாக. தேதி தெரிந்தால் டாக்டருக்கு உதவும் என்று. தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போது கையில் தட்டியது என்றாள். என் மனம் கணக்குப் போட்டது. தீபாவளி நவம்பரில். இது ஜூன். டாக்டர் வீணா சொன்ன ஏழெட்டு மாதம் சரியாக இருந்தது. டிசம்பரிலும் மார்ச்சிலும் அக்கா உன்னைக் கேட்டுத்தானே என்னிடம் வந்தாள், ஏன் இல்லை என்று சொன்னாய் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவள் கதவைப் பார்த்தாள்.

"அப்ப அக்கா கால்ல புண்ணு சிஸ்டர். வாராவாரம் நீங்க கட்டுப் போட்டுக்கினு இருந்தீங்க. எங்கப்பாவுக்கு இதே மாதிரி புண்ணு வந்துதான் முட்டிக்குக் கீழ எடுத்தாங்க, ஆறு மாசத்துல போய்ட்டாரு. நான் கட்டின்னு சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும், கார்டைக் கேப்பாங்க, சக்கரை எனக்கு இல்லன்னு தெரிஞ்சிடும். நீங்க அக்காவை நிறுத்திடுவீங்க. கால் ஆறட்டும்னு இருந்தேன். எனக்கு சின்னதாத்தான் இருந்துச்சு, பட்டாணி அளவுக்கு."

ஏப்ரலில்தான் ஆறிவிட்டதே என்றேன். ஆறியதும் பயம் வந்துவிட்டது, அதற்குள் பெரிதாகிவிட்டது என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தப்புக் கணக்கு போட்டுவிட்ட ஒருத்தி சொல்கிற மாதிரி சொன்னாள். நான்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு வாரமும் எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு கால் ஆறுவதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன். அதே வாரங்களில் இரண்டு தெரு தள்ளி இவளுக்குப் பட்டாணி நெல்லிக்காயாகியிருக்கிறது. உழைத்துப் பிழைக்கிற இரண்டு சாதாரணப் பெண்கள், நான் எழுதி ஒட்டிய ஒரு காகிதத்துக்குப் பயந்து இத்தனையும் செய்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைத் தாண்டி எட்டிப் பார்க்க ஒரு தடவை அந்த அக்காவின் ஜாக்கெட்டின் நான்கு கொக்கியைக் கழற்றச் சொல்லியிருந்தால் போதும். முதல் நாளே தெரிந்திருக்கும், அங்கே தழும்பே இல்லை என்று. முதல் நாளே வீட்டுக்குப் போய் இவளைப் பார்த்திருப்பேன். கத்தியிருப்பேன், ஆனால் பார்த்திருப்பேன்.

தனலக்ஷ்மி என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"அக்காவுக்கு இது தெரியக் கூடாது சிஸ்டர். அவளுக்காக மறைச்சேன்னு தெரிஞ்சா அவ மாத்திரையே போட மாட்டா. எனக்குத் தெரியாமலே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது. டாக்டர் வீணா ரவுண்ட்ஸ் முடித்து வந்தார். ஆளைப் பார்த்து நிரூபிக்க வந்தவள் கண் சிவந்து நிற்பதைப் பார்த்தார். நானே சொன்னேன், ஆள் மாறியது உங்களிடம் இல்லை, என்னிடம், பதின்மூன்று டிக்கும் பார்க்காமல் போட்டது, எழுதியே தருகிறேன் என்று. அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, எலும்பில் கம்பி வைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், கரண்டு கொடுக்கலாம், இரண்டு மூன்று வருஷம் இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் இனி குணம் என்ற பேச்சு இல்லை என்றார். கட்டி சின்னதாக இருந்தபோது எலும்புக்குப் போயிருக்குமா என்று கேட்டேன். அதை யார் சொல்ல முடியும் சிஸ்டர் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராந்தாவில் சந்திரம்மா நான் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் அவள் காலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறிய புண்ணின் வடு அந்தக் காலில் இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி வலி, இப்படி உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் உடனே தள்ளி இடம் விட்டாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சிஸ்டர், அவளுக்கு முன்னாடியே தெரியுமா? நான் கேட்டப்பல்லாம் இல்லக்கான்னுதான் சொன்னா. எங்கிட்ட மறைச்சாளா?"

"அவளுக்குத் தெரியாது. கட்டியைக் கண்டுபுடிக்கிறது என் வேலை. நான் பாக்கவே இல்ல சந்திரம்மா. ஒரு வாட்டிகூடப் பாக்கல. பாக்காமலே பாத்தேன்னு எழுதினேன். நீ அவளைக் கொல்லல. அது நான் சொன்ன பொய்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சந்திரம்மா என்று நான் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் டவலை உதறி நான்காக மடித்து, நீங்க விடுங்க சிஸ்டர், நாற்பது பேரு வர்றாங்க, நீங்க ஒருத்தரு இன்னா பண்ணுவீங்க என்றாள். எனக்காகப் பேசுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன், வார்டு சிஸ்டர்கள் அழக் கூடாது என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

அவள் என் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை நடுங்குவதைக் கவனித்தேன். நெற்றியில் வேர்த்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. நேற்றிலிருந்து என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். மாத்திரை போட்டதாகவும், சாப்பிட மறந்துவிட்டதாகவும் சொன்னாள். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. பையில் பிஸ்கட் இருந்தது, பிரித்து அவள் வாயில் வைத்தேன். அவள் அதை மென்றுகொண்டே, என் கார்டை இனிமே மூடிடுவீங்களா சிஸ்டர் என்று கேட்டாள். உன் பெயரில் கார்டு கிடையாது, புதன்கிழமை வா, உனக்கென்று புதிதாகப் போடுகிறேன் என்றேன்.